மூன்று முறை எழுந்த சிரிப்பு

'ஹேப்பி நியூ இயர்' படம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பஞ்சாபித் தாத்தாவின் தோள். மலேசியாவில், ஈப்போவில் ஒரு தியேட்டரில் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோள் குலுங்கினால் இரண்டு விநாடி கழித்துத் தியேட்டர் சிரிக்கும். அதற்கும் கொஞ்சம் தள்ளி, எல்லாரும் அடங்கின பிறகு, என் பக்கத்தில் அம்மா சிரிப்பார். மூன்று மணி நேரப் படம் முழுக்க இப்படியே போனது. ஒரே காட்சிக்கு மூன்று முறை சிரிப்பு.

2014 தீபாவளி நேரம் அது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 22, புதன்கிழமை. அன்றைக்கே 'கத்தி'யும் 'பூஜை'யும் வந்துவிட்டன, இரண்டு நாள் தள்ளி ஃபாரா கானின் இந்தப் படம். எங்கள் சுங்கை சிப்புட்டில் இளவட்டங்களுக்கு அந்த வாரம் விஜய்தான் எல்லாமே, தம்பி முதல் ஆட்டமே பார்த்துவிட்டு வந்து தண்ணீருக்கும் விவசாயத்துக்கும் அழுத கதையை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் இந்திப் படத்துக்குப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை. தீபாவளி அன்று முறுக்கு வாங்கிக்கொண்டு போக வந்தவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, டத்தோ ஷாருக்கின் புதுப்படம் வருகிறது, உன் மகளிடம் காடி இருக்கிறது, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். மலாக்கா மாநிலம் 2008இல் ஷாருக் கானுக்கு டத்தோ பட்டம் கொடுத்தது. அன்றிலிருந்து மக்சிக்குக்கு அவர் டத்தோ ஷாருக்தான். பட்டத்தைச் சேர்க்காமல் ஒரு நாளும் சொல்ல மாட்டார்.

இந்த ஊரில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலேசியாவில் இந்திப் படம் மலாய்க்காரர்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. 'குச் குச் ஹோதா ஹை' வந்த காலத்தில் என் கூடப் படித்த மலாய்ப் பிள்ளைகள் அதன் பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் ஒலியைக் கேட்டே எழுதி வைத்திருந்தார்கள். 2006இல் 'டான்' படத்துக்காகக் கோலாலம்பூரில் வந்து எடுத்தபோது இரட்டைக் கோபுரமே ஏதோ உறவுக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்து, நீ இந்தியர்தானே, இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். எனக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு அது உள்ளுக்குள் வலித்திருக்கிறது, எங்கள் மொழி வேறு என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஆனால் அந்தப் பாட்டின் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் உண்மையானது, அதிலும் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் கிளம்பினோம். அம்மா தீபாவளிச் சேலையை மறுபடியும் கட்டிக்கொண்டார். அப்பா வர மாட்டேன் என்றார், இந்திப் படம் நமக்கு எதுக்கு என்றார், அப்புறம் தனியாக வீட்டில் இருக்க மனசில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். ஈப்போ அரை மணி நேரத் தூரம்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துபாய் அட்லாண்டிஸ் ஹோட்டலில் உலக நடனப் போட்டி நடக்கிறது, அதே இடத்தில் ஒரு பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வைரம் வருகிறது. சார்லி என்கிற ஷாருக், அதைத் திருட ஆட்களைச் சேர்க்கிறான். குடிகார நந்து, அதாவது அபிஷேக் பச்சன், வில்லன் மகனின் அச்சு அசல் முகம் என்பதால் சேர்க்கப்படுகிறான். போமன் இரானி, சோனு சூட், கணினி தெரிந்த பையனாக விவான் ஷா. உள்ளே போக வேண்டுமென்றால் நடனக் குழுவாகப் போக வேண்டும், ஆனால் ஒருத்தருக்கும் ஆட வராது. ஆடக் கற்றுக்கொடுக்க மோகினி, பாரில் ஆடும் பெண், தீபிகா படுகோன். வில்லன் ஜாக்கி ஷெராஃப். இந்தியாவில் இதைத் தமிழிலும் தெலுங்கிலும் டப் செய்தும் விட்டார்கள், முதல் நாளிலேயே ஏறத்தாழ 45 கோடி ரூபாய் வசூல் என்று செய்தி வந்தது. எங்களுக்குக் கிடைத்தது இந்தி, கீழே மலாய் எழுத்து.

அந்தக் கீழே ஓடும் எழுத்துதான் அன்றைக்குத் தியேட்டரைப் பிரித்தும் வைத்தது, சேர்த்தும் வைத்தது. இந்தி தெரிந்தவர்கள் பஞ்சாபிக் குடும்பங்கள் சிலர்தான், அவர்கள் வசனம் வாயிலிருந்து வரும்போதே சிரித்துவிடுவார்கள். எழுத்தைப் படித்துச் சிரிப்பவர்கள் பெரும்பாலானோர், மலாய்க் குடும்பங்களும் என்னைப் போன்ற தமிழர்களும். மூன்றாவது கூட்டம் அம்மாவைப் போன்றவர்கள். அம்மாவுக்கு மலாய் பேச வரும், சந்தையிலும் தோட்டத்திலும் பேசிப் பேசி வந்த மலாய், ஆனால் படிக்க வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தி ஆயாக்கொட்டகையில் தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். ஆகவே மக்சிக் எழுத்தைப் படித்து, அதைப் பேச்சு மலாயாக்கி, அம்மாவின் காதருகே குனிந்து சொல்வார். "டியா மாபோக்," அவன் குடிச்சிருக்கான். அதைக் கேட்டு, திரையைப் பார்த்து, அம்மா சிரிப்பார். அதற்குள் படம் அடுத்த காட்சிக்குப் போயிருக்கும். அம்மா சிரிப்பதைப் பார்த்து மக்சிக் இரண்டாவது தடவை சிரிப்பார். எங்கள் வரிசையில் மட்டுமே இது நடந்தது என்று நினைத்தேன், இடைவேளையில் பார்த்தால் பின்னால் இரண்டு இடத்தில் பேரப்பிள்ளைகள் பாட்டிகளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சில இடங்களில் மூன்று கூட்டமும் ஒரே நொடியில் சிரித்தது. அபிஷேக் பச்சன் பாம்பு நடனம் ஆடும்போது எழுத்து யாருக்கு வேண்டும்? அம்மா முன்சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிரபுதேவா நடன ஆசிரியராகக் கொஞ்ச நேரம் வருகிறார் பாருங்கள், அவர் முகம் தெரிந்ததும் தமிழ்ப் பையன்கள் அடித்த விசிலில் வசனமே கேட்கவில்லை. பஞ்சாபித் தாத்தா திரும்பிப் பார்த்தார், அந்த ஒரு தடவை நாங்கள் அவருக்கு முன்னால் சிரித்தோம்! அதே நந்து வாந்தி எடுக்கும் காட்சிகளுக்குப் பின்வரிசைச் சிறுவர்கள் சிரித்தார்கள், எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தியக் கொடியும் தேசப்பற்றுப் பாட்டும் வந்த இடத்தில் எங்கள் பக்கத்தில் பெரிய ஆரவாரம் இல்லை. நாங்கள் மலேசியர்கள். தாத்தா காலத்தில் கப்பல் ஏறி வந்த நாட்டின் கொடிக்கு மரியாதை உண்டு, எழுந்து கைதட்டத் தோன்றுவதில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள் என்பதைத்தான் எழுதினார்கள். எனக்கு அன்றைக்கு முக்கியமாகப் பட்டது தியேட்டர் அமைதியான இரண்டு இடங்கள். இவ்வளவு இரைச்சலான ஒரு படத்தில் முந்நூறு பேர் ஒரே சமயத்தில் வாயை மூடினால் அது காதில் விழும்.

முதல் இடம் மோகினியைப் பற்றிச் சார்லி பேசுவது. பாரில் ஆடுகிறவள்தானே, கடைத்தெருப் பொம்பளை என்கிற பொருளில் மற்றவர்களிடம் சொல்கிறான், அவள் கேட்டுவிடுகிறாள். படத்தில் அதை வேடிக்கையாக ஆரம்பித்திருக்கிறார்கள். பஞ்சாபித் தாத்தாவின் தோள் அசையவில்லை. அம்மா மக்சிக்கின் பக்கம் சாய்ந்து, என்ன சொன்னான் என்று மலாயில் கேட்டார். மக்சிக் எழுத்தைப் படித்துவிட்டார், எனக்குத் தெரியும், கண் போன வேகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து மூடினார். அப்புறம், "சக்காப் தா எலோக்," பேசக்கூடாததைப் பேசிட்டான் என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு அது போதும். இருபத்தாறு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். விடியற்காலை இருட்டில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கப் போய் நிற்கும் பெண்களிடம் மண்டோர்கள் என்கிற கங்காணிகள் எந்த வாயில் பேசுவார்கள் என்று நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்தப் பேச்சையும் சிரிப்புப் பேச்சு என்றுதான் சொல்வார்கள், கோபித்துக்கொண்டால் இவளுக்கு விளையாட்டுத் தெரியாது என்பார்கள். மோகினியின் கோபத்தைச் சார்லி இங்கிலீஷில் நாலு வரி பேசித் தணித்துவிடுகிறான், ஏனென்றால் இங்கிலீஷ் பேசும் ஆம்பளை என்றால் அவளுக்கு மயக்கம். அங்கே சிரிப்பு வந்தது, அம்மாவும் சிரித்தார். "தொரை இங்கிலீஷ் பேசுனா நாங்களும் இப்படித்தான் வாயப் பொளந்துகிட்டு நிப்போம்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, படம் எங்கேயோ போய்விட்ட பிறகு, "அதுக்காக உடனே மன்னிச்சிருக்கக் கூடாது" என்றார். நானும் அதையேதான் சொல்வேன். ஃபாரா கான் ஒரு பெண், தன் படத்தில் இந்த இடத்தை இவ்வளவு லேசாக விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கடைசியில் திருடின கையோடு ஓடாமல் மோகினிக்காகத் திரும்பி வந்து ஆடுகிறார்கள், அங்கே கைதட்டினேன், உண்மையாகவே தட்டினேன். இருந்தாலும் அந்தச் சொல் சொன்ன சொல்தான்.

இரண்டாவது அமைதி அப்பாவுடையது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் தோட்டத்தைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இப்போது ஒரு வீடும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் கைமாறி, ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் படம் என்றால் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவதுதான், துணிக்கு இரண்டு பக்கமும் சாக்கை விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பின்பக்கம் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும், எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். நம்பியார் வந்தால் பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றுவார்களாம், மறுநாள் துணியைத் துவைக்கவே ஒரு ஆள் வேண்டுமாம், அம்மா சொல்வார். அப்பா அந்தத் துணியைக் கட்டுகிறவர்களில் ஒருவர். நல்ல கைநேர்த்தி என்று பெயர். அதனால்தான் மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். காய்ந்த ஷீட்டை எண்ணிக் கட்டுப்போட்டுப் பூட்டிவிட்டு வருவது அவர் வேலை. கோயில் உண்டியல் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாதம் ஷீட்டுக் கட்டுகள் கணக்கில் குறைந்தன. ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். போலீசுக்குப் போகவில்லை. எடுத்தான் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை, நாளையிலிருந்து நீ மரம் வெட்டப் போ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் கோயில் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, மெதுவாக உண்டியல் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது ஏழு வயசு. சாவி மாட்டியிருந்த ஆணி சுவரில் அப்படியே இருந்தது, அதில் வேறு எதையும் யாரும் மாட்டவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

படத்தில், சார்லி ஏன் திருட வந்தான் என்ற கதை திரும்பிப் பார்க்கும் காட்சியாக வருகிறது. அந்தப் பாதுகாப்புப் பெட்டகத்தை வடிவமைத்தவரே அவன் அப்பா மனோகர், அனுபம் கேர். முதலாளி வைரத்தைத் தானே எடுத்துக்கொண்டு பழியை அவர் மேல் போட்டுவிடுகிறான். பூட்டைச் செய்தவனே திருடன் என்று ஊர் நம்புகிறது. அவர் சிறைக்குப் போகிறார். இதை எடுத்த விதத்தில் பெரிய புதுமை ஒன்றும் இல்லை, இந்தியிலும் தமிழிலும் இந்த மாதிரி அப்பாக்கள் நூறு பேர் வந்திருப்பார்கள். ஆனால் அப்பா, அதுவரை இருக்கையில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தவர், நிமிர்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அவருக்கும் மலாய் எழுத்து ஓட்டத்தில் பிடிபடாது, அவருக்கு யாரும் படித்துச் சொல்லவும் இல்லை, நான் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். சுற்றிலும் பார்த்தேன். சுங்கை சிப்புட், சலாக், செம்மோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த எங்கள் ஜனம் நிறைய பேர் அங்கே. வயசான ஆண்கள் யாரும் பக்கத்தில் பேசவில்லை, கச்சான் கடலை உடைக்கும் சத்தம் கூட நின்றிருந்தது.

மறுநாள் தம்பி வீட்டுக்கு வந்து இந்தப் படத்தைக் கிழிகிழி என்று கிழித்தான். லாஜிக்கே இல்லை, ஆட வராதவர்கள் எப்படி உலகப் போட்டிக்குப் போவார்கள், மூன்று மணி நேரம் எதற்கு, மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டிய படம் என்றான். விமர்சனங்களிலும் இதைத்தான் எழுதியிருந்தார்கள், அதிலும் பாதி சரி. நீளம் அதிகம், பாட்டு அதிகம், வாந்தி அதிகம். நான் அவனிடம் சொன்னது இதுதான்: இந்தப் படம் தோற்றவர்களைப் பற்றிய படம் என்று அதுவே சொல்லிக்கொள்கிறது, ஜெயித்தவன் தோற்றவன் என்று உலகத்தில் இரண்டு வகை, தோற்றவனுக்கும் வாழ்க்கை ஒரு தடவை வாய்ப்புக் கொடுக்கும் என்று சார்லி சொல்கிறான். ஜெயித்தவர்கள் உட்கார்ந்து பார்த்தால் அது விளம்பர வாசகம். எங்கள் வரிசையில் அது அப்படிக் கேட்கவில்லை. மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் என்று நீ சொல்கிற இந்த ஜனம் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று சரியாகத் தெரிந்து நிறுத்தினார்கள், அதை எந்த விமர்சகர் எழுதினார்? 'கத்தி' பார்த்து நீ அழுதாய், அதில் அழ வேண்டிய இடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்வதில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஃபாரா கானுக்கு ஒரு வழக்கம் உண்டு, 'மெய்ன் ஹூன் நா', 'ஓம் சாந்தி ஓம்' காலத்திலிருந்தே, கடைசியில் பெயர்கள் ஓடும்போது படத்தில் வேலை செய்தவர்களையே திரையில் கொண்டுவந்துவிடுவார். இதிலும் வந்தார்கள். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார், அப்பா எழவில்லை.

"யாரு பாப்பா இவங்கல்லாம்?"

"படத்துல வேலை செஞ்சவங்கப்பா."

"லைட்டு புடிக்கறவனுமா?"

"எல்லாரும்தான்."

அப்பா கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தார். கூட்டித் துடைக்க வந்த பையன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம் லாஹாட் சாலைப் பக்கம் ஒரு கடையில் தோசையும் தே தாரிக் டீயும். மக்சிக் டத்தோ ஷாருக்கின் உடம்பைப் பற்றியும் தீபிகாவின் சேலைகளைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார், அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். செம்மோர் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். கந்தான் பக்கம், இருட்டில் சுண்ணாம்புக் குன்றுகள் மட்டும் வெளிறித் தெரியும் இடத்தில், பின்சீட்டிலிருந்து அப்பா கேட்டார்.

"கடைசில அந்த மொதலாளியத்தான் புடிச்சாங்க, இல்ல?"

"ஆமாப்பா. அவன்தான் திருடன்னு ஆயிடுச்சு."

"எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா?"

"எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் புடிச்சாங்க."

சரி என்றார். கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. எதிரே ஒரு லோரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து கடந்து போனது. அப்புறம், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, முதல் தடவையாக அவர் வாயிலிருந்து கேட்டேன்.

"அந்த ஸ்டோருக்கு மூணு சாவி பாப்பா. எங்கிட்ட இருந்தது ஒண்ணுதான்."